நத்தைக்குப் போட்ட உப்பு

போன வாரம் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போயிருந்தேன். "ஏனுங்க, கருவேப்பிலை மரம் திடீர்னு வாடுதுங்க, வந்து பாருங்க" என்று அந்த அம்மா போனில் கூப்பிட்டிருந்தார். எட்டு வருஷத்து மரம். இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டிருந்தது. அடியில் உதிர்ந்து கிடந்த இலையைத் தள்ளிப் பார்த்தால், மண்மேல் வெள்ளை பூத்திருக்கிறது. நடுவே கரையாத கல்லுப்பு நாலைந்து. "நத்தைக்குப் போட்டனுங்க, மூணு கிலோ இருக்கும்" என்றார். இந்த ஐப்பசி மழை தொடங்கிய பிறகு நான் பார்க்கும் ஐந்தாவது உப்புத் தோட்டம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

உப்பு நத்தையைக் கொல்லும், அதில் சந்தேகமே இல்லை. எந்த நத்தைமேல் விழுகிறதோ அதைக் கொல்லும். கல்லடியிலும் தொட்டியடியிலும் இருக்கிற மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். செடியைச் சுற்றி வளையமாகப் போட்டாலும் ஒரு தூறலில் கரைந்துவிடும். கரைந்த உப்பு எங்கே போகும்? நேரே வேருக்குத்தான். அதன்பின் நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வேரால் இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி காயும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவீர்கள். நம் பக்கம் பாதி ஊரில் போர் தண்ணியே உப்புத் தண்ணி. கரிசல் மண்ணாக இருந்தால் இன்னும் மோசம். உப்பு ஏறிய கரிசல் நனைந்தால் பிசின், காய்ந்தால் செங்கல்.

"தென்னைக்குழியில உப்புப் போட்டுத்தானுங்க எங்க அப்பிச்சி கன்னு வெச்சாரு" என்று பொள்ளாச்சிக்காரர்கள் கேட்பார்கள். வெச்சிருப்பார். தென்னை கடலோரத்து மரம், உப்பைத் தாங்கும். அவரையும் தக்காளியும் கருவேப்பிலையும் தாங்காது. தென்னைக்குச் செய்ததைக் கீரைப் பாத்திக்குச் செய்யாதீர்கள்.

அடுத்தது குருணை மருந்து. அது பூச்சிக்கு உள்ளது. நத்தை பூச்சியே இல்லை. காசும் போய், சாப்பிடுகிற காயிலும் விஷம் ஏறும்.

சரி, முதலில் தின்பது யார் என்று பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் போதும். நத்தை என்றால், காலையில் பார்க்கும்போது இலைமேல் அதன் காய்ந்த கோழை வெள்ளிக்கம்பி மாதிரி மின்னும். புழு என்றால் எச்சம் கிடக்கும். ஓடில்லாத நத்தையும் இருக்கிறது. அதை அட்டை என்று பயப்படுகிறார்கள். அது ரத்தம் குடிக்காது, நாற்றைத்தான் தின்னும்.

பெரிய ஓட்டு நத்தை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்தது, இன்று நம் பப்பாளியில் ஏறி நிற்கிறது. ஆண், பெண் என்று தனியாகக் கிடையாது. எல்லாமே முட்டை வைக்கும், ஒரு தடவைக்கு நூறிலிருந்து நானூறு வரை. மண்ணைக் கிளறும்போது ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி மஞ்சள் வெள்ளையில் ஒரு குவியல் வந்தால் அதுதான். விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவரில் ராத்திரி ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டி அந்தச் சுவரைச் சுரண்டித் தின்கிறது. கூட்டமாகப் பிடிக்க அது நல்ல இடம்.

கையால் பொறுக்குவதைவிடப் பெரிய மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை. சாயங்காலம் ஒரு சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோசின் வெளி இலையோ வைத்துப் பாத்தி ஓரத்தில் போடுங்கள். வெள்ளென எழுந்து, வெயில் ஏறுமுன் சாக்கைத் தூக்கினால் அத்தனையும் அடியில் ஒண்டியிருக்கும். உங்கள் கல்லுப்புக்கு இங்கேதான் வேலை. பக்கெட்டில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கரைத்து, பொறுக்கியதை அதில் போடுங்கள். செத்ததைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிப்பக்கம் ஊற்றினால் மறுபடியும் பழைய கதைதான். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். நாலு நாள் செய்துவிட்டு "போகலீங்க" என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.

வெறுங்கையால் தொடாதீர்கள், தயவுசெய்து. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் இருக்கும். அது மனிதருக்குள் போனால் மூளைச் சவ்வு வரை போய் வீங்க வைக்கும். பிளாஸ்டிக் கவரையாவது கையில் மாட்டுங்கள். குழந்தைகளை விளையாட விடாதீர்கள். கீரையை நன்றாக அலசுங்கள்.

தண்ணீரைச் சாயங்காலம் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். ராத்திரி மேல்மண் காய்ந்திருந்தால் நத்தை ஊர்ந்து வரவே யோசிக்கும். நர்சரியிலிருந்து தொட்டி வாங்கினால், அடி ஓட்டையையும் மண்ணையும் பார்த்த பிறகு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். செம்பூத்து வந்தால் விரட்டாதீர்கள், அது நத்தையைக் கொத்தித் தின்கிற பறவை.

கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு வில்லை நத்தையைக் கொல்லும். நாயையும் கொல்லும். தீவன வாசனைக்கு நாய் தேடிப் போய்த் தின்று, வலிப்பு வந்து துடிக்கும். கோழி மேய்கிற வாசலில் வேண்டவே வேண்டாம்.

அந்தக் கருவேப்பிலைக்கு மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி வெளியே எடுத்தோம். ஜிப்சம் போட்டு, மூன்று நாள் நல்ல தண்ணி கட்டச் சொல்லியிருக்கிறேன். மேலே கிளை போனது போனதுதான். பொங்கலுக்குள் வேரிலிருந்து குருத்து வந்தால் மரம் பிழைக்கும்.