ஷிப்: ஒரு சொல், ஒரு விழைவு

தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் எழுதும் கதைகளுக்குள் புதிதாக நுழையும் தமிழ் வாசகர் முதலில் இடறி விழுவது ‘ஷிப்’ என்ற சொல்லில்தான். ‘நான் இந்த இருவரையும் ஷிப் செய்கிறேன்’ என்று ஒருவர் எழுதினால், கப்பலேற்றுகிறாரா, கூரியரில் அனுப்புகிறாரா என்று திகைப்பதில் வியப்பில்லை. ஒரு கதையின் மாந்தர் இருவர் காதலர்களாக வேண்டும் என்றோ, கதையைப் படைத்தவர் வாய்திறந்து சொல்லாவிட்டாலும் அவர்கள் காதலர்களே என்றோ, வாசகர் அல்லது பார்வையாளர் பற்றோடு கொள்ளும் விருப்பமே அதன் பொருள்.

சொல்லின் பிறப்பு அண்மைக் காலத்தது. 1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரில் மோல்டர், ஸ்கல்லி என்ற இரு புலனாய்வாளர்கள் காதலிக்க வேண்டும் என்று விரும்பியவர்கள், உறவைக் குறிக்கும் ‘ரிலேஷன்ஷிப்’ என்ற சொல்லிலிருந்து தங்களுக்கு ‘ரிலேஷன்ஷிப்பர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டனர்; அது விரைவிலேயே ‘ஷிப்பர்’ என்று குறுகி, அதிலிருந்து வினைச்சொல்லும் கிளைத்தது. காதல் வேண்டாம் என்ற எதிரணிக்கு ‘நோரோமோ’ என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது, பகுதியை வெட்டி எறிந்துவிட்டு விகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதே. ‘ஷிப்’ என்னும் அவ்விகுதி நிலையையும் தன்மையையும் குறிப்பது. கப்பலைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு வேர்த்தொடர்பு இல்லை. தமிழில் ‘தோழமை’ என்பதிலிருந்து தோழனைக் கழித்துவிட்டு ‘மை’யை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படி. அந்த ‘மை’யைக் கண்டவர் பேனா மையென்று மயங்குவதைப் போலத்தான் இங்கே கப்பல் வந்து நிற்கிறது. ரசிகர்களும் அந்த மயக்கத்தை விடவில்லை. தாங்கள் விரும்பிய இருவர் தொடரில் சேர்ந்துவிட்டால் கப்பல் புறப்பட்டது என்பார்கள், பிரிந்தால் மூழ்கியது என்பார்கள்.

சொல் புதிது என்றாலும் வழக்கு மிகப் பழையது. பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காப்பியத்தில், உடன்வீரன் பத்ரோக்ளஸ் இறந்த செய்தி வந்ததும் மாவீரன் அகிலீஸ் சாம்பலை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டு மண்ணில் விழுந்து கிடக்கிறான். பின்னர்க் கனவில் வரும் பத்ரோக்ளஸின் ஆவி, நம் இருவர் எலும்புகளும் ஒரே தாழியில் இருக்கட்டும் என்று கேட்கிறது. இது காதலா, நட்பா என்று ஹோமர் எங்கும் சொல்லவில்லை. ஒன்பதாம் பகுதியில் இருவரும் ஒரே பாசறையில், ஆளுக்கொரு பெண்ணோடு, எதிரெதிர்ப் பக்கங்களில் உறங்குவதையும் அவரே காட்டுகிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஈஸ்கிலஸ் எழுதி, இன்று துணுக்குகளாக மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு நாடகம் அவர்களைக் காதலர்களாகவே காட்டியது. அடுத்த நூற்றாண்டில் பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலில் பைட்ரஸ் என்பவர் எழுந்து, ஈஸ்கிலஸ் பிதற்றுகிறார் என்கிறார். காதல் இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. காதலித்தவன் யார், காதலிக்கப்பட்டவன் யார் என்பதே அவருடைய வழக்கு. அகிலீஸ் அழகன், தாடி முளைக்காதவன், ஹோமரே சொல்வதுபோல் வயதில் மிக இளையவன். ஆகவே காதலித்தவன் பத்ரோக்ளஸ்தான் என்று மூலநூலைச் சான்று காட்டி வாதிடுகிறார். சாக்ரடீஸின் மாணவர் செனோபனின் நூலிலோ சாக்ரடீஸ் குறுக்கிட்டு, அகிலீஸ் பழிவாங்கியது காதலனுக்காக அன்று, தோழனுக்காக என்கிறார். இன்றைய ஷிப்பர்களும் நோரோமோக்களும் பேசுவதில் இங்கே விடுபட்டது எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹோமரின் சொற்களும் இந்த வழக்குக்கு இடம் தருகின்றன. அகிலீஸ் தன் தாயிடம் புலம்பும்போது பத்ரோக்ளஸை ‘ஃபிலோஸ் ஹெதைரோஸ்’ என்கிறான். இரண்டாவது சொல் தோழன், முதற்சொல் அன்புக்குரியவன், தன்னவன், நண்பன் என எல்லாமாகவும் விரியக்கூடியது. தமிழ் வாசகருக்கு இது அயலான இடர்ப்பாடு அன்று. பழைய நூல்களில் ‘காதலன்’ என்ற சொல் மகனையும் நண்பனையும் குறிக்கும், உரையின்றிப் படிப்பவர் அங்கே தடுமாறியே தீர்வார்.

தொலைக்காட்சியில் இந்த வழக்கு கிரேக்க மண்ணுக்கே திரும்பியது. 1995 முதல் 2001 வரை வந்த ‘ஸீனா (Xena): வாரியர் பிரின்சஸ்’ தொடர் பண்டைய கிரேக்கத்தில் நடப்பது, நாயகி ஸீனாவுக்கும் உடன் செல்லும் தோழி கேப்ரியலுக்கும் இடையிலான பற்றைத் தொடர் வெளிப்படையாகப் பெயரிடாமல் குறிப்பால் காட்ட, ரசிகர்கள் அந்தக் குறிப்பை ‘சப்டெக்ஸ்ட்’ என்று அழைத்துக் கதை கதையாக எழுதினார்கள். அதற்கு நம்மிடம், சொல்லுக்குள் மறைந்து நிற்கும் பொருளைக் குறிக்கும் ‘உள்ளுறை’ இருக்கிறது; தொல்காப்பியர் அதை உவமை வகையாகச் சொன்னார் என்றாலும் பொருள் நீட்சி உறுத்தவில்லை.

இனி ஷிப்புக்கு நேரான தமிழ்ச்சொல். பேச்சில் ‘ஜோடி சேர்ப்பது’ என்பது உடனே நாவில் வரும். ஆனால் சேர்ப்பவர் கதையை எழுதுபவர். ஷிப்பர் வெளியில் நின்று விரும்புபவர், கதையில் அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லை. அகப்பொருள் இலக்கணத்தின் ‘பாங்கியிற் கூட்டம்’ நினைவுக்கு வரலாம். தலைவனையும் தலைவியையும் கூட்டுவிக்கும் தோழியோ கதைக்குள் இருப்பவள். எனவே விருப்பத்தைச் சொல்லும் ‘விழைவு’ உள்ளே இருந்தாக வேண்டும் என்று கருதி, ‘இணைவிழைவு’ என்பதை முன்வைக்கிறேன். ஷிப்பர் ‘இணைவிழைவாளர்’, நோரோமோ ‘இணைமறுப்பாளர்’.

ரசிகர் கதைகளின் தலைப்பில் வரும் குறிகளைப் பெயர்க்க வேண்டியதில்லை. ‘அகிலீஸ்/பத்ரோக்ளஸ்’ என்று சாய்கோடு இட்டால் காதல், ‘அகிலீஸ் & பத்ரோக்ளஸ்’ என்றால் நட்பு. ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் 1970களில் அதன் நாயகர்களான கிர்க்கையும் ஸ்பாக்கையும் சாய்கோட்டால் இணைத்து எழுதியதில் வேரூன்றிய வழக்கம் இது. ஆணும் ஆணும் காதலிக்கும் கதைவகைக்கு ‘ஸ்லாஷ்’ (சாய்கோடு) என்ற பெயரும் அக்கோட்டிலிருந்தே வந்தது. வினைவடிவில்தான் சற்று முரண்டு இருக்கிறது. ‘இணைவிழைகிறேன்’ என்பது நாவில் ஒட்டவில்லை. ‘அவ்விருவரையும் இணையாக விழைகிறேன்’ என்று விரித்தெழுதுவதே நன்று.