எலிக்குட்டிக்கு நினைவாற்றல் கூடியது, நம் பிள்ளைக்கு?

பொதுத்தேர்வு நெருங்கினால் மருந்துக்கடைகளில் ஞாபகசக்தி டானிக்குகள் முன்வரிசைக்கு வந்துவிடும். பெரும்பாலானவற்றில் இருப்பவை வல்லாரையும் நீர்ப்பிரமி என்ற மூலிகையும். அட்டையில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு வரியும் இருக்கும். நான் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பிக்கிறேன், விலங்குக் கூடத்தில் இந்த வகைச் சோதனைகளோடு பழகியவன் என்பதால், சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த அட்டையை நீட்டி "இது உண்மைதானா சார்?" என்று கேட்பார்கள். ஆய்வு நடந்தது உண்மைதான். ஆனால் எந்த உயிருக்கு, எந்த வயதில், எவ்வளவு கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு காசை எடுப்பது நல்லது.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1982இல் வந்த ஆய்வு, நீர்ப்பிரமி கொடுத்த எலிகள் நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது. டெல்லி எய்ம்ஸிலிருந்து 2002இல் வெளியான வல்லாரை ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. தண்ணீர், மெத்தனால், குளோரோஃபார்ம் என மூன்று விதமாகச் சாறு இறக்கி எலிகளுக்கு 21 நாள் கொடுத்தார்கள். தண்ணீரில் இறக்கிய சாறு மட்டுமே கற்றலிலும் நினைவிலும் பலன் தந்தது. அந்த எலிகளின் மூளையில் மாலோண்டையால்டிஹைடு குறைந்து, குளுட்டதயோன் கூடியிருந்தது. முன்னது, செல் சவ்வில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்ததற்கான தடயம். பின்னது, அந்தச் சிதைவைத் தடுக்க உடல் தானே தயாரித்து வைத்திருக்கும் பாதுகாப்பு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. அங்கே கொழுப்பும் அதிகம். அதனால் இந்தச் சிதைவைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த மூலிகை மூளைக்கு உதவலாம் என்ற எண்ணத்தில் தவறே இல்லை.

குட்டிகளுக்கு வருவோம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிக் குட்டிகளுக்குப் பிறந்த 15ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை வல்லாரைச் சாறு கொடுத்தார்கள். 31ஆம் நாளும் ஆறாம் மாதமும் சோதித்தபோது, எட்டுக் கைகள் விரியும் புதிர்ப்பாதையில் அவை மற்றவற்றைவிட நன்றாக வழி கண்டுபிடித்தன. நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்புச் செல்களின் கிளைகளும் கூடுதலாக விரிந்திருந்தன. கொடுத்தது 15 நாள், பலன் தெரிந்தது ஆறு மாதம் கழித்தும்! மணிப்பால் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளுக்குப் பச்சை வல்லாரை இலைச் சாற்றையே உடல் எடையில் கிலோவுக்கு 2, 4, 6 மில்லி என்று கொடுத்துப் பார்த்தார்கள். கூடிய அளவில், நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்த குட்டிகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

நல்ல ஆய்வுகள். ஆனால் அந்தக் குட்டிகளின் வயதைக் கவனியுங்கள். எலியின் மூளை வேகமாக வளர்வது பிறந்த முதல் சில வாரங்களில். மனிதக் குழந்தைக்கு அந்த வேகம் கருவின் கடைசி மூன்று மாதங்களில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வயது வரை. பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. சரி, அப்படியானால் கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். வளரும் நரம்புச் செல்லின் வடிவத்தையே மாற்றும் ஒரு பொருளை, மனிதக் குழந்தையில் சோதித்துப் பார்க்காமல் சங்கில் ஊற்றிப் புகட்டுவது ஆபத்தான விளையாட்டு.

எலியிடம் 'நினைவு' எப்படி அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். ஒரு பெட்டியில் வெளிச்சமான அறை, இருட்டறை என இரண்டு இருக்கும். எலிக்கு இருட்டுதான் பிடிக்கும். உள்ளே போனதும் பாதத்தில் லேசாக ஷாக் அடிக்கும். மறுநாள் அதே பெட்டியில் விட்டால் இருட்டறைக்குள் நுழைய எவ்வளவு நேரம் தயங்குகிறது என்று பார்ப்போம். அதிக நேரம் தயங்கினால் நினைவு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. ஆனால் கொடுத்த மருந்து எலியை மந்தமாக்கியிருந்தாலும் அது நகராமல் உட்கார்ந்திருக்குமே! வல்லாரைக்கு அமைதிப்படுத்தும் குணமும் உண்டு. திடீர்ச் சத்தத்துக்கு மனிதர்கள் திடுக்கிடுவதை அது குறைப்பதாக 2000இல் ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் எலியின் நடமாட்டத்தையும் தனியாக அளந்து காட்டுவார்கள். மேலே சொன்ன 2005 ஆய்வில் நடமாட்டம் மாறவில்லை, ஆகவே அதை நம்புகிறேன். எல்லா ஆய்வுகளிலும் இந்த அக்கறை இருப்பதில்லை.

இன்னொரு விஷயம் அட்டையில் வரவே வராது. மூலிகை ஆன்டிஆக்ஸிடன்ட் ஆய்வுகளில் பெரும்பகுதி, முதலில் எலியின் மூளையைக் கெடுத்துவிட்டுத்தான் தொடங்கும். குடிநீரில் ஈயம் கலந்து கொடுப்பார்கள்; அல்லது ஃப்ளோரைடு; அல்லது ஸ்கோபோலமின் என்ற மறதி உண்டாக்கும் மருந்து. அப்புறம் மூலிகை கொடுத்து, நினைவு எவ்வளவு மீள்கிறது என்று பார்ப்பார்கள். மீள்வது உண்மை, மதிக்க வேண்டிய கண்டுபிடிப்பும்கூட. ஆனால் பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கிவிடும் கயிறு, தரையில் நிற்பவனை மாடிக்கு ஏற்றிவிடும் என்று அர்த்தமில்லை.

ஆரோக்கியமான இளம் மூளையில் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடக்கூட நல்லது என்பதும் தவறான நம்பிக்கை. சூப்பர்ஆக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளை எல்லாரும் எதிரியாகவே பார்க்கிறோம். ஆனால் சிறிய அளவில் அவை நரம்புச் செல்கள் தங்கள் இணைப்பைப் பலப்படுத்திக்கொள்ள உதவும் சமிக்ஞைகள். அந்த இணைப்புப் பலப்படுவதுதான் கற்றலின் அடிப்படை. சூப்பர்ஆக்சைடை நீக்கும் நொதி அளவுக்கு மீறிச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில், இளம் வயதில் இந்தத் திறன் குறைந்தது. அதே வகைச் சுண்டெலிகளுக்கு வயதானபோது அந்த நொதி காப்பாக மாறியது. முதுமைக்கு உதவுவது இளமைக்கும் உதவும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாததற்கு இது ஒன்றே போதும்.

இனி அளவு. எய்ம்ஸ் ஆய்வில் பலன் தந்த அளவுகளில் ஒன்று, கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு. எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடல் பரப்பை வைத்துச் சுமார் 6ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ மனிதருக்கு அது கிட்டத்தட்ட 2 கிராம் சாற்றுப்பொடி, தினமும். வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்து ஒரு காப்ஸ்யூலில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, அது சாற்றுப்பொடியா, வெறும் இலைப்பொடியா என்று பாருங்கள். பல டப்பாக்களில் பலன் தரும் அளவே இருக்காது. அதற்காக நாமே அளவைக் கூட்டுவதும் சரியில்லை. சுண்டெலிக்கு நினைவு கூடியதை நம்பினால், சுண்டெலிக்கு நடந்த மற்றதையும் நம்ப வேண்டும்: நீர்ப்பிரமி கொடுத்த ஆண் சுண்டெலிகளில் விந்து உற்பத்தி குறைந்தது, நிறுத்திய பிறகு திரும்பியது, இன்னொரு சோதனையில் தைராய்டு ஹார்மோனான டி4 சுமார் 41 சதவீதம் ஏறியது.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? நீர்ப்பிரமிக்குப் பெரியவர்களிடம் ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் பெரும்பாலும் 12 வாரம் எடுத்த பிறகு. ஜனவரியில் தொடங்கி மார்ச் தேர்வுக்குப் பலன் எதிர்பார்ப்பதற்கு அதிலும் இடமில்லை. 2002இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், கற்றதை மறக்காமல் வைத்திருக்கும் திறன் கூடியது. கற்கும் வேகம் மாறவில்லை. பிள்ளைகளில், கவனக்குறைவும் துறுதுறுப்பும் அதிகம் உள்ள 6 முதல் 14 வயதுச் சிறுவர்களுக்கு 14 வாரம் கொடுத்த ஆய்வு 2022இல் வெளியானது. முக்கியமாக எதிர்பார்த்த அந்த இரண்டிலும், மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை எடுத்தவர்களைவிட முன்னேற்றம் இல்லை. தூக்கம் போன்ற சில துணை அளவீடுகளில் மட்டும் சற்று நன்மை தெரிந்தது. வல்லாரைக்கு, 2017இல் மனித ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது டப்பாவுக்குள் சேர்ந்து வரும் உலோகம். அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பிள்ளையின் மூளைக்கு ஈயம் எந்த அளவிலும் பாதுகாப்பானது இல்லை. நினைவாற்றலுக்கு என்று வாங்கிய பொருளே நினைவாற்றலைக் கெடுக்கலாம் என்பதால், உற்பத்தி உரிமம் எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத எதையும், தெரிந்த வைத்தியர் கொடுத்த பொட்டலமாக இருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

"படிச்சது நிக்க மாட்டேங்குது" என்று வரும் பிள்ளைக்கு டானிக்குக்கு முன்னால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் கவனமும் நினைவும் தளர்வதற்கு எலிகளிடமும் ஆதாரம் உண்டு, பிள்ளைகளிடமும் உண்டு. அரசுப் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையும், வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். பிள்ளை அதை விழுங்குகிறதா, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறதா என்று கேளுங்கள். இரவு ஒரு மணி வரை விழிக்கவைத்துவிட்டுக் காலையில் டானிக் கொடுப்பதையும் பார்க்கிறேன். பகலில் படித்ததை மூளை பதிந்துகொள்வதே பெரும்பாலும் தூக்கத்தில்தான்.

வல்லாரையைக் கீரையாகச் சாப்பிடுவதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. வாரத்தில் ஓரிரு நாள் துவையலோ கூட்டோ தாராளமாகச் செய்யுங்கள். சாக்கடை ஓரத்திலோ ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால் கரையிலோ பறித்தது மட்டும் வேண்டாம், இந்தச் செடி மண்ணிலுள்ள உலோகங்களை இழுத்துக்கொள்ளும். மாத்திரையாக எடுத்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகவும் பதிவுகள் உண்டு, அதனால் மஞ்சள் காமாலை வந்து தேறிய பிள்ளைக்குக் காப்ஸ்யூல் கொடுக்காதீர்கள். வலிப்பு மாத்திரையோ தைராய்டு மாத்திரையோ சாப்பிடும் பிள்ளை என்றால், நீர்ப்பிரமி கலந்த எதையும் தொடங்குவதற்கு முன் அந்த மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிலவற்றை நீர்ப்பிரமி தடுப்பது சோதனைக்குழாயில் தெரியவந்திருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.