எர்த் கம்பி நியூட்ரல் அல்ல: பவர்லைன் சுவிட்ச் மாட்டுவதற்கு முன்

மறுபடியும் அதே புகார். "புது சுவிட்ச் மாட்டியதிலிருந்து ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது, சுவிட்சே சரியில்லை." (ஆர்சிசிபி என்பது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்.) போய் சுவிட்ச் பாக்ஸைத் திறந்தால், சுவிட்சின் நியூட்ரல் முனை எர்த் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றப்பட்டிருக்கிறது. இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டு மின்கம்பியிலேயே கட்டளை அனுப்பும் பவர்லைன் சுவிட்சுகள் நல்லவைதான். சுவரை உடைக்க வேண்டாம், தனி வயர் இழுக்க வேண்டாம். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு சுவிட்ச் பாக்ஸிலேயே நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப்போகும் கம்பி) வேண்டும். பழைய வயரிங்கில் சுவிட்சுக்கு ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி) மட்டும்தான் வந்து போகும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். பாக்ஸைத் திறந்து பார்க்காமலேயே சுவிட்சை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் கையில் கிடைக்கும் கம்பியில் கோக்கிறார்கள்.

கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "எர்த்தும் நியூட்ரலும் மெயினில் ஒன்றாகத்தானே சேர்கின்றன?" பல இடங்களில் சேர்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த இடம் வரைக்கும் இரண்டும் வேறு வேறு பாதை, வேறு வேறு வேலை. நியூட்ரலில் எப்போதும் மின்சாரம் திரும்பிக்கொண்டிருக்கும். எர்த்தில் பழுது வந்தால் மட்டுமே பெரிய மின்னோட்டம் பாய வேண்டும். ஃபேஸில் போனது முழுக்க நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லிஆம்பியர் வகை ஒன்று, வித்தியாசம் 15ஐத் தாண்டினாலே விழலாம். எலக்ட்ரானிக் சுவிட்ச் ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே சில மில்லிஆம்பியர் எடுக்கும். எர்த்தில் கோத்தால் அது நியூட்ரலில் திரும்பாமல் எர்த்தில் போய்விடும். ஒன்று மாட்டினால் ஒன்றும் ஆகாது. "பார்த்தீர்களா, வேலை செய்கிறது" என்பார்கள். மூன்றாவது, நான்காவது மாட்டும்போது கம்ப்யூட்டர், ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் வழக்கமான கசிவும் சேர்ந்துகொள்ளும், ஆர்சிசிபி விழும்.

உடனே சிலர் ஆர்சிசிபியையே கழற்றி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அதற்கு மட்டும் என்னிடம் பொறுமை கிடையாது. மெயினுக்குப் போகும் வழியில் எர்த் கம்பி எங்காவது அறுந்தால், சுவிட்சின் உள்சுற்று வழியாக ஃபேஸ் அந்தக் கம்பியில் ஏறும். அதோடு சேர்ந்த வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, எல்லாவற்றின் உலோக உடலும் ஷாக் அடிக்கும். காப்பாற்றுவதற்காகப் போட்ட கம்பியே ஆளை அடிக்கும். பக்கத்து சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவதும் தவறு. உங்கள் எம்சிபியை (மெயின் போர்டில் அந்தச் சர்க்யூட்டுக்கான தனிச் சுவிட்ச்) இறக்கிவிட்டு வேலை பார்க்கிறவர் கையில், அடுத்த சர்க்யூட்டின் மின்சாரம் அந்த நியூட்ரல் வழியாக வரும்.

நியூட்ரல் இல்லையென்றால் நேர்மையான வழிகள் மூன்றுதான். குழாயில் இடமிருந்தால் அதே சர்க்யூட்டின் நியூட்ரலை இழுங்கள். அல்லது விளக்குப் பக்கம், நியூட்ரல் இருக்கும் இடத்தில் மாட்டும் மாட்யூலை வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் நியூட்ரல் தேவைப்படாத இரண்டு கம்பி டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்).

அந்த இரண்டு கம்பி வகைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கு வழியாகவே எடுக்கிறது. குண்டு பல்பு காலத்தில் பிரச்சினை இல்லை. எக்ஸ்10 என்ற பவர்லைன் வகையின் பழைய சுவர் டிம்மர் குறைந்தது 40 வாட், அதிகபட்சம் 500 வாட் என்று கேட்கும். அதில் 9 வாட் எல்இடி ஒன்றைப் போட்டுவிட்டு, ஆஃப் செய்தும் மங்கலாக எரிகிறது, கண்ணடிக்கிறது என்றால் சுவிட்ச் என்ன செய்யும்? எல்இடிக்கென்று எழுதியிருக்கும் டிம்மரும் டிம் ஆகும் எல்இடியும், இரண்டும் வேண்டும். இந்தச் சுவிட்ச் ஆஃப் ஆனாலும் விளக்கு முனையில் மின்சாரம் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பல்பு மாற்ற எம்சிபியை இறக்குங்கள்.

ஃபேன், மோட்டார், சோக் போட்ட டியூப்லைட் எதையும் விளக்கு டிம்மரில் மாட்டாதீர்கள். மோட்டார் முனகும், சூடேறும். ரிலே வகை (ஆன், ஆஃப் மட்டும் செய்வது) வாங்குங்கள், அதன் ஆம்பியரையும் பாருங்கள். சுவிட்சின் வோல்ட்டேஜைப் பாருங்கள்: 120 வோல்ட்டுக்குச் செய்ததை 230 வோல்ட் வீட்டில் மாட்டினால் எரியும். மாடிப்படி விளக்குபோல இரண்டு இடத்திலிருந்து இயக்குவதற்கு அந்தந்தத் தயாரிப்பின் துணைச் சுவிட்சே வேண்டும், பழைய டூவே சுவிட்ச் சேராது.

இனி, வெவ்வேறு வகைச் சுவிட்சுகளைக் கலந்து மாட்டுவது. 1975இல் வந்த எக்ஸ்10, 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளை மின்னழுத்தம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில் அனுப்புகிறது. 16 வீட்டுக் குறியீடு, ஒவ்வொன்றிலும் 16 எண், மொத்தம் 256 முகவரி. இன்ஸ்டியான் என்ற இன்னொரு வகை 131.65 கிலோஹெர்ட்ஸில் பேசும், வானொலி அலையிலும் பேசும். யூபிபி என்ற மூன்றாவது வகை இவற்றைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில் துடிப்பு அனுப்பும். ஒரே கம்பியில் இருக்கலாம், ஆனால் ஒன்று சொல்வது இன்னொன்றுக்குத் தானாகப் புரியாது. நடுவில் இரண்டையும் அறிந்த கட்டுப்படுத்தி வேண்டும். வீட்டுக்கு ஒரே வகை என்பதுதான் என் கருத்து. எக்ஸ்10 மாட்யூல்களில் பெரும்பாலானவை "கிடைத்தது" என்று பதில் சொல்லாது. தோட்ட விளக்கு ஒருநாள் எரியாவிட்டால் பரவாயில்லை. ஹீட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் தயவுசெய்து அதில் கொடுக்காதீர்கள்.

"காலையில் வேலை செய்தது, மாலையில் செய்யவில்லை" என்பது அடுத்த புகார். பெரும்பாலும் சுவிட்ச் குற்றவாளியல்ல. யூபிஎஸ், சில ஸ்பைக் பஸ்டர்கள், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஆகியவற்றின் நுழைவாயிலில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 32,000 ஓம். 120 கிலோஹெர்ட்ஸில் வெறும் 13 ஓம்! உங்கள் கட்டளை விளக்குக்குப் போகாமல் அங்கேயே இறங்கிவிடுகிறது. எந்தச் சாதனத்தின் பிளக்கைப் பிடுங்கினால் சுவிட்ச் சரியாகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், அதற்கு மட்டும், கட்டளையை உள்ளே இழுக்கவிடாமல் தடுக்கும் ஃபில்டர் போடுங்கள். சுவிட்சை மாற்றி மாற்றி வாங்காதீர்கள்.

எல்லாச் சாதனங்களையும் பிடுங்கியும் ஒரு பக்கத்து அறைகள் மட்டும் கட்டளையைக் கேட்கவில்லையென்றால் அவை மூன்று ஃபேஸ் இணைப்பில் வேறு ஃபேஸில் இருக்கும். அதற்குத் தேவை, கட்டளையை ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் ஃபேஸ் கப்ளர். அதை மெயின் போர்டில் எம்சிபியோடு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் மட்டுமே மாட்ட வேண்டும். யாரும் தொடாமலே விளக்கு எரிந்தால், ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பக்கத்து வீட்டுக் கட்டளை உள்ளே வரலாம். வீட்டுக் குறியீட்டை மாற்றுங்கள்.

இன்னொன்று: இணையம் இல்லாவிட்டால் எது எது ஓடும் என்று வாங்கும்போதே கேளுங்கள். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியானின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. போனில் இயக்கியவர்கள் திணறினார்கள், சுவரில் இருந்த பொத்தான்கள் வேலை செய்தன. பின்னர் அதன் பயனாளர்கள் சிலரே நிறுவனத்தை வாங்கி ஓடவைத்தார்கள்.

ஏற்கெனவே சுவிட்ச் மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்து, ஒவ்வொரு பாக்ஸாகத் திறந்து பாருங்கள். நியூட்ரல் முனையில் எர்த் கம்பி இருந்தால் அந்தச் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பழைய சாதாரணச் சுவிட்சையே மாட்டுங்கள். நியூட்ரல் வந்தபிறகு புதியதை மாட்டிக்கொள்ளலாம்.