கோலத்துக்கு முன் ஒரு மாத்திரை

என் அம்மா பன்னிரண்டு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது காப்பி கூடாது. கண் விழித்ததும் டிக்காஷன் வாசனை வந்தால்தான் பொழுது விடியும் எங்கள் வீட்டில் இது லேசான தண்டனை இல்லை. ஆனாலும் ஊரில் இருந்தவரை அவள் ஒரு நாள்கூட மறந்ததாக நினைவில்லை. மாத்திரை டப்பா, கோலமாவு டப்பாவின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் மாவை எடுக்க முடியாது. மாத்திரையைப் போட்டு, வாசல் தெளித்து, புள்ளி வைத்துக் கோலத்தை முடிக்கும்போது அரை மணி ஆகியிருக்கும். அப்புறம் காப்பி.

போன வருஷம் தம்பி வீட்டுக்குப் போனாள். பெங்களூரில் ஏழாவது மாடி. பத்து நாளில் நான்கு நாள் மாத்திரை விட்டுப்போயிற்று. "வயசாயிடுச்சுடா, மறதி வந்துடுச்சு" என்று போனில் புலம்பினாள். பிள்ளைகள் பெயரில் தொடங்கி பக்கத்து வீட்டுக் கல்யாணத் தேதி வரை எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வீட்டில் தெளிக்க வாசல்தான் இல்லை.

என் கதை இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும், நகைக்கடையில் கொடுத்த டைரியின் முதல் பக்கத்தில் "தினமும் 45 நிமிடம் நடக்க வேண்டும்" என்று எழுதுவேன். பொங்கல் கரும்பு தீர்வதற்குள் நடையும் தீர்ந்துவிடும். வைராக்கியம் போதவில்லை என்று நானே எனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்வேன். அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதிக்கொள்கிறோம். ஆனால் அளந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 47 சோதனைகளை ஒன்றுசேர்த்து 2006-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். மக்களின் மன உறுதியை நன்றாகவே ஏற்றிவிட்ட பிறகும், அவர்கள் நடத்தையில் வந்த மாற்றம் ஏறக்குறைய அதில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதி வழியிலேயே எங்கேயோ கொட்டிப்போகிறது.

எங்கே கொட்டுகிறது என்று தேடியவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டருடன் சேர்ந்து அவர் 1997-ல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும், அதையும் 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். வீடு நிறைய சொந்தக்காரர்கள், அடுப்பில் பலகாரம், நடுவே இந்த வேலை. தீபாவளியன்று காலேஜ் அசைன்மெண்ட் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

எல்லோரும் சரி என்றுதான் போனார்கள். ஆனால் பாதிப் பேரிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்டார்கள்: எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவிட்டுப் போங்கள். குறிக்காதவர்களில் சொன்ன கெடுவுக்குள் எழுதியவர்கள் 32 சதவீதம். குறித்தவர்களில் 71 சதவீதம். ஒரே வகுப்பு, ஒரே வேலை. வித்தியாசம் ஒரு நிமிஷத்தில் எழுதிய இரண்டு வரி.

இந்த இரண்டு வரி என்ன செய்கிறது? நடந்ததை நினைவு வைப்பது ஒரு வேலை. இனி செய்ய வேண்டியதைச் சரியான நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது வேறு வேலை. கடைக்குப் போய்ப் பத்துச் சாமான் வாங்கிவிட்டு, எதற்காகக் கிளம்பினோமோ அந்தக் கறிவேப்பிலையை மட்டும் விட்டுவிட்டு வருவது இந்த இரண்டாவது வகையில் விழும் ஓட்டை. அதிலும் "ஆறு மணிக்கு" என்று கடிகாரத்தை நம்பும் வேலைகள் சிரமமானவை. மணி ஆறு ஆகிவிட்டதா என்று நாமேதான் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். "இது நடக்கும்போது அதைச் செய்வேன்" என்று ஒரு நிகழ்வில் கட்டிவைத்த வேலைக்கு அந்தக் காவல் வேண்டாம். நிகழ்வே வந்து தட்டி எழுப்பும். பாட்டிமார்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொண்டது இதே எண்ணத்தில்தான். முடிச்சில் ஒரே ஒரு குறை உண்டு. ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும், என்ன என்று சொல்லாது. கோலமாவு டப்பா இரண்டையும் சொல்லிவிடுகிறது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. முன்கூட்டியே இடமும் வேளையும் குறித்துவிட்டால், அந்த வேளை வரும்போது புதிதாக முடிவெடுக்க எதுவும் மிச்சமிருப்பதில்லை. என் டைரி வாசகத்தில் தினமும் ஒரு பேரம் ஒளிந்திருந்தது: இப்போது நடக்கவா, சாப்பிட்டபின் நடக்கவா, இன்று கால் வலிக்கிறதே, நாளை சேர்த்து நடந்துகொள்ளலாமா. பேரத்தில் எப்போதும் சோம்பல்தான் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்குத்தான் நேரம் அதிகம். மூளையை ஸ்கேன் செய்து பார்த்த லண்டன் ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. ஒரே வேலையைச் சாதாரண நோக்கமாகச் சொன்னபோது ஒரு மாதிரியும், "இது வந்தால் இதைச் செய்வேன்" என்று சொன்னபோது வேறு மாதிரியும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இயங்கியது. முதல் வகையில் அந்தப் பகுதியின் பக்கவாட்டு ஓரமும், இரண்டாவது வகையில் நடுப்பகுதியும் அதிகம் வேலை செய்தன. உள்ளே சுமந்துகொண்டிருந்த நோக்கம் வெளியே இருக்கும் அடையாளத்துக்குக் கைமாறுகிறது என்று அதைப் படிக்கிறார்கள்.

ஊக்கப் பேச்சாளர்கள் இந்த அடுத்த சோதனையைப் படிக்காமல் இருப்பது அவர்கள் பிழைப்புக்கு நல்லது. பிரிட்டனில் 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது இருபது நிமிடம் வியர்க்க உடற்பயிற்சி செய்ய வேண்டும். சும்மா விட்ட குழுவில் செய்தவர்கள் 38 சதவீதம். மாரடைப்பு அபாயத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் படிக்கக் கொடுத்து உசுப்பிவிட்ட குழுவில் 35. அதே பாடத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதவைத்த குழுவில் 91. 2002-ல் வெளியான ஆய்வு இது. பாடம் படித்தவர்களுக்கு ஆசை கூடியது உண்மை. ஆசை இருந்தது, அதற்கு ஒரு விலாசம் இல்லை.

எத்தனை நாள் செய்தால் பழக்கமாகும் என்ற கேள்வி அடுத்து வரும். 21 நாள் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதன் ஊற்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பின் தங்கள் புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதினார். காலையில் எழுந்து ஓடுவதைப் பற்றி அவர் பேசவில்லை. "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. உண்மையிலேயே அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியின் குழு. 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தை, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், 12 வாரம் செய்தார்கள். எவ்வளவு தன்னிச்சையாக வருகிறது என்று நாள்தோறும் குறித்தார்கள். கணக்கிட்டதில் நடுவில் நின்ற எண் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்தது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள், குறிப்புகள் போன போக்கை நீட்டிக் கணக்கிட்டவை); அதுவும் 39 பேருடைய குறிப்புகள்தான் கணக்குக்கு ஒழுங்காகப் பொருந்தின. சித்த வைத்தியர் சொல்லும் ஒரு மண்டலம், 48 நாள், இந்த வீச்சுக்குள் வருகிறதே என்று யாராவது முன்னோர் பெருமை பேசக் கிளம்பினால், அவ்வளவு அகலமான வலையில் எந்த எண்ணை வீசினாலும் விழும் என்று சொல்லி உட்கார வையுங்கள்.

அந்த ஆய்வில் எனக்கு உருப்படியாகப் பட்டது வேறொன்று: ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. ஒரு நாள் விட்டதும் "சரி, இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று டைரியை மூடிய எனக்கு இது கொஞ்சம் தாமதமாகக் கிடைத்த தகவல்.

பழக்கம் ஊறிய பிறகும் அது இடத்தை விட்டுக் கிளம்பி நம்முடன் வந்துவிடாது. வெண்டி வுட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களின் உடற்பயிற்சி, செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்தார். புது இடத்தில் பழைய சூழ்நிலை அமைந்தவர்களுக்குப் பழக்கம் ஒட்டிக்கொண்டே வந்தது. சூழ்நிலை மாறியவர்களுக்கு அது அறுந்தது. மறுபடியும் யோசித்து, முடிவெடுத்துத்தான் செய்ய வேண்டியிருந்தது. அம்மாவின் நான்கு நாளுக்கு விளக்கம் இதில் இருக்கிறது. கெட்ட பழக்கத்தை விடுபவர்களுக்கு வீடு மாறுவது நல்ல சகுனம் என்பதும் இதன் மறுபக்கம்.

இலக்கையே எப்படி வைப்பது? இதற்கு ஓக்லஹோமாவின் மரலாரி ஓட்டுநர்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரிகள் சட்டம் அனுமதிக்கும் பாரத்தில் 60 சதவீதம்தான் ஏற்றி வந்தன. "முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள்" என்று சொன்னதில் ஒன்றும் நகரவில்லை. கேரி லேதம் என்ற உளவியலாளர் 94 சதவீதம் என்று ஒரு எண்ணை வைத்தார். கூடுதல் சம்பளம் இல்லை, எட்டாவிட்டால் தண்டனையும் இல்லை. முதல் மாதம் 80-க்கு ஏறியது. இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கியது. தண்டனை இல்லை என்று சொன்னது நிஜமா என்று ஓட்டுநர்கள் முதலாளியைச் சோதித்துப் பார்த்தார்கள் போலும்! நிஜம்தான் என்று தெரிந்த மூன்றாம் மாதம் 90-ஐத் தாண்டி, அங்கேயே நின்றது. 1975-ல் வெளியான ஆய்வு. "முடிந்தவரை" என்பது எங்கே நின்றாலும் அதையே எல்லை ஆக்கிக்கொள்ள இடம் தரும் சொல்.

கண்ணை மூடி ஜெயித்தது போலக் கற்பனை செய்யுங்கள் என்ற அறிவுரையிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடை குறைப்புத் திட்டமொன்றில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருஷம் கவனித்து 1991-ல் எழுதினார். மெலிந்த தன் உருவத்தை இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள், வழியில் வரும் சறுக்கலையும் சேர்த்து நினைத்தவர்களைவிட சராசரியாக 11 கிலோ குறைவாகவே இளைத்திருந்தார்கள். கனவு, கிடைத்துவிட்ட திருப்தியை முன்பணமாகவே தந்துவிடுகிறது. ஆகவே தடையையும் சேர்த்து நினைத்து, அந்தத் தடைக்கே ஒரு "வந்தால்" போட்டு வைக்கச் சொல்கிறார் அவர்.

இதையெல்லாம் மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். பரிசோதனைக்கூடத்துக்கு வெளியே பலன் சுருங்குகிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசிக்கு நாளும் நேரமும் குறிக்கச் சொன்ன ஆய்வில் (2011), ஊசி போட்டவர்கள் கூடியது 4.2 சதவீதப் புள்ளிதான். ஜிம் உறுப்பினர்களை நாளும் நேரமும் எழுதவைத்த 2018-ஆம் வருஷத்து ஆய்வில் வருகை கூடவே இல்லை. ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கும், வருஷம் முழுக்க இழுக்க வேண்டிய வேலைக்கும் உள்ள வித்தியாசம் இது என்று எனக்குப் படுகிறது. கால அட்டவணையில் நேரம் இருக்கிறது. கையில் தட்டுப்படும் கோலமாவு டப்பா இல்லை. ஒரே சமயத்தில் பல இலக்குகளுக்குத் திட்டம் எழுதினால் அது உதவாமல் மலைக்கவைக்கிறது என்றும் 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. நானும் ஒரு உற்சாகத்தில் நடை, இந்தி, தண்ணீர், தூக்கம், வரவுசெலவு என்று ஆறு திட்டம் எழுதினேன். ஒரே வாரத்தில் ஆறும் போயிற்று. ஆறாவது என்னவென்றுகூட இப்போது ஞாபகமில்லை.

பிழைத்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கக் கிளம்பும்போது நேர்ச்சாலையில் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிப் போவேன். மழை பெய்தால் மாடிப்படி பத்துமுறை. நான்கு மாதமாக வாரத்துக்கு ஐந்து நாளாவது நடக்கிறது. டைரியில் எழுதிய 45 நிமிடம் ஆகவில்லை, 35தான் ஆகிறது.

அம்மா இந்த வருஷமும் பெங்களூர் போயிருக்கிறாள். போகும்போது கோலமாவு டப்பாவையும், அதன்மேல் மாத்திரை டப்பாவையும் அப்படியே பையில் வைத்துக்கொண்டாள். ஃப்ளாட் கதவுக்கு வெளியே முக்கால் அடி இடம். அதில் ஐந்து புள்ளிக் கோலத்துக்குமேல் போட முடியாது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை. நேற்றுப் போனில் புகார் மட்டும் வந்தது: "மூணு நிமிஷத்துல கோலம் முடிஞ்சுடுதுடா. மிச்ச இருபத்தேழு நிமிஷம் காப்பிக்காக உக்காந்துண்டு இருக்கேன்."