தடுப்பூசிக் கட்டாயம்: முதலில் உத்தரவின் நகலைக் கேளுங்கள்

"கட்டாயத் தடுப்பூசியை எதிர்த்து வழக்குப் போடலாமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் வழக்கறிஞர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உத்தரவு நகல் இருக்கிறதா?" என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த படம் இருக்கும், கடை வாசலில் ஒட்டிய அறிவிப்பின் போட்டோ இருக்கும், மேலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன மிரட்டல் இருக்கும். கூடவே மத்திய அரசின் மேல் பெருங்கோபம் இருக்கும். அந்தக் கோபத்துக்குக் காரணங்கள் உண்டு, சில நியாயமானவையும்கூட. ஆனால் மனுவோடு இணைப்பாக வைக்க முடிவது உத்தரவை மட்டும்தான்.

கோவிட் காலத்து அவசரம் ஓய்ந்துவிட்டது. அந்த உத்தரவுகள் பிறந்த சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த தொற்று வந்தால் அதே சட்டங்களில் இருந்துதான் அடுத்த உத்தரவும் வரும்.

கோபம் டெல்லி மேல், கையெழுத்து கலெக்டருடையது

கோவிட் தடுப்பூசி அவரவர் விருப்பம் என்றுதான் மத்திய சுகாதார அமைச்சகம் தொடக்கம் முதல் சொல்லிவந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு வீடு தேடிச் சென்று ஊசி போடக் கோரிய ஒரு வழக்கில், 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் எழுத்துமூலமாகவே அதைச் சொன்னது: யாரையும் விருப்பத்துக்கு மாறாக ஊசி போட வைக்க முடியாது, சான்றிதழை எதற்கும் கட்டாயமாகக் கேட்கும் வழிகாட்டு நெறிமுறை எதையும் வெளியிடவில்லை.

அப்படியானால் கட்டாயம் எங்கிருந்து வந்தது? மாநில அரசுகள், மாவட்ட நிர்வாகங்கள், நிறுவனங்கள், கல்லூரிகள். நீலகிரியில் 2021 செப்டம்பரில் டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்கவே தடுப்பூசிச் சான்று கேட்டார்கள் (அந்த ஒரு உத்தரவுக்கு எதிர்ப்பும் ஆதரவும் வீட்டுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்திருக்கும்). மேகாலயாவில் கடைக்காரர்களும் டாக்சி ஓட்டுநர்களும் ஊசி போட்டால்தான் தொழிலைத் தொடங்கலாம் என்று மாவட்ட உத்தரவுகள் வந்தன. கட்டாயப்படுத்திப் போடுவது தடுப்பூசித் திட்டத்தின் அடிப்படையையே குலைக்கும் என்று 2021 ஜூனில் அந்த மாநில உயர் நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 நவம்பரில் பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதார இயக்குநரகம் சுற்றறிக்கை விட்டது. அது கைகாட்டிய சட்டம், 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம்.

மத்திய அரசின் மேல் இருந்த குறைகள் வேறு ரகம். 2021 மே மாதம் ஒரே கோவிஷீல்டு மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைகளுக்கு 600. மாநிலங்கள் ஆளாளுக்கு உலகளாவிய டெண்டர் விட வேண்டிய நிலை. 18 முதல் 44 வயதுக்காரர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற அந்தக் கொள்கை மேல்நோக்கிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன சில நாட்களில், ஜூன் 7 அன்று, பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். சான்றிதழில் பிரதமரின் படம் இன்னொரு குறை. 2021 மார்ச்சில் தேர்தல் நடந்த மாநிலங்களில் தேர்தல் ஆணையம் தலையிட்ட பிறகு படம் நீக்கப்பட்டது. ஆனால் என் சான்றிதழில் அந்தப் படம் வேண்டாம் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுவை, டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையோடு தனி நீதிபதி தள்ளுபடி செய்தார்.

இந்த இரண்டு ரகத்தையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பினால் இரண்டிலும் தோற்க நேரும். விலை, கொள்முதல், படம் எல்லாம் கொள்கைக் கேள்விகள். நீதிமன்றம் அவற்றில் அரிதாகத்தான் கைவைக்கும், வாக்குச்சீட்டும் நாடாளுமன்றமும்தான் அவற்றுக்கான இடம். உங்களை வாசலில் நிறுத்திய உத்தரவு அப்படியல்ல. அது உங்கள் உரிமையை நேரடியாகத் தொடுகிறது.

2022 மே 2 தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அளித்த தீர்ப்பைக் கட்டாய எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் பாதி பாதியாகத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

உடல்மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது, யாரையும் ஊசி போட்டுக்கொள்ளும்படி பலவந்தப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். இதோடு நிறுத்திக்கொள்பவர்கள் அடுத்த வரியைப் படிப்பதில்லை. பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அவை அந்தரங்க உரிமை பற்றிய 2017இன் புட்டசாமி தீர்ப்பு வகுத்த மூன்று சோதனைகளில் தேற வேண்டும்: சட்ட ஆதாரம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது.

மாநிலங்கள் தடுக்கி விழுந்தது மூன்றாவது சோதனையில். ஊசி போடாதவர் மூலம் தொற்று பரவும் ஆபத்து, போட்டவர் மூலம் பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் எந்தத் தரவையும் மத்திய அரசோ மாநிலங்களோ வைக்கவில்லை. ஆகவே ஊசி போடாதவருக்கு மட்டும் பொது இடங்களை மூடுவது அளவுக்கு மீறியது. தொற்று குறைவாக இருக்கும்வரை இந்தக் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று யோசனை சொன்னது நீதிமன்றம். அந்த யோசனையில் தனியார் நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் அடக்கம்.

சொல்லாதவை: தடுப்பூசி ஆபத்து என்று சொல்லவில்லை. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றது என்று சொல்லவில்லை, மாறாக நியாயமானது என்றே சொன்னது. முகக்கவசம் போன்ற மற்ற விதிகளை ரத்து செய்யவில்லை. எல்லாத் தடுப்பூசிக்கும் எல்லாக் காலத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதவும் இல்லை. நாளை ஒரு தட்டம்மைப் பரவலில் பரவல் தடுப்புக்கான தரவை அரசு கையோடு கொண்டுவந்தால் கணக்கு மாறும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளில் இருந்து ஊசிச் சான்று இல்லாமல் இந்தியா வந்திறங்குபவரைத் தனிமைப்படுத்தும் விதி பல்லாண்டுகளாக இருக்கிறது. அதை எதிர்த்து யாரும் கொடி பிடித்ததில்லை.

யார் கையெழுத்திட்டது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் இருந்து ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஜனவரி 13 அன்று ஒரே நாளில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் இரண்டு கட்டாய உத்தரவுகளைப் பார்த்தது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கான உத்தரவு நிறுத்தப்பட்டது. அரசு நிதி பெறும் மருத்துவமனை ஊழியர்களுக்கான உத்தரவு நடைமுறைக்கு வர அனுமதிக்கப்பட்டது. ஊசி ஒன்றுதான். உத்தரவிட்ட துறைகளுக்குச் சட்டம் கொடுத்திருந்த அதிகாரம் வேறு வேறு.

உத்தரவைக் கையில் வைத்து என்ன பார்ப்பது

முதலில் அது என்ன காகிதம் என்று பாருங்கள். அரசாணையா, சுற்றறிக்கையா, பத்திரிகைச் செய்தியா? அதிகாரி பேட்டியில் சொன்னது உத்தரவு ஆகாது. பத்திரிகைச் செய்தியின் பின்னால் ஒரு கோப்பு எண், அதாவது ந.க. எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்தால்தான் மூலக் கோப்பு கிடைக்கும்.

அடுத்து எந்தச் சட்டம், எந்தப் பிரிவு. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் என்றால் அதிகாரம் மாநில அரசிடம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் என்றால் மாவட்ட ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் ஆட்சியர் உத்தரவிடலாம். மீறினால் அதன் 51ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. சட்டமே குறிப்பிடாமல் "பொதுநலன் கருதி" என்று மட்டும் எழுதிய உத்தரவு மூன்று சோதனைகளில் முதலாவதிலேயே நொண்டும்.

பிறகு தேதி. எந்த நாளில் இருந்து, எதுவரை? முடிவுத் தேதியோ மறுஆய்வுத் தேதியோ இல்லாத உத்தரவு, தொற்று வடிந்த பிறகும் வாசலில் ஒட்டியபடியே இருக்கும். கடைசியாக விலக்கு. ஒவ்வாமை உள்ளவருக்கு வழி விட்டிருக்கிறதா? ஊசிக்குப் பதில் பரிசோதனை முடிவைக் காட்டலாமா? மாற்று வழி எதையும் யோசிக்காத உத்தரவைத்தான் அளவுக்கு மீறியது என்று எளிதாகக் காட்ட முடியும்.

நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும். பலரும் சறுக்கும் இடம் கேள்வியை எழுதும் விதம். "ஏன் இப்படி உத்தரவிட்டீர்கள்?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவலின் கீழ் வராது என்று ஒற்றை வரியில் பதில் வரும். அலுவலகத்தில் இருக்கும் காகிதத்தைக் கேளுங்கள்: இன்ன எண்ணுள்ள உத்தரவின் நகல், அது தயாரான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், உத்தரவுக்கு முந்தைய 30 நாட்களில் மாவட்டத்தில் தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை ஊசி போட்டவர், போடாதவர் எனப் பிரித்து. பாதிக்கப்பட்டவருக்குத் தன் முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை என்கிற 4(1)(ஈ) பிரிவையும் எழுதிவிடுங்கள்.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "அப்படிப் பிரித்த தரவு இவ்வலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 2022 தீர்ப்பின் மையமே அந்த இல்லாத தரவுதான், இந்தப் பதிலைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

உயர் நீதிமன்றத்துக்குப் போகும் முன் உத்தரவிட்ட அதிகாரிக்கே ஒரு கோரிக்கை மனு அனுப்பியிருக்க வேண்டும். விரைவு அஞ்சல் ரசீதும் பட்டுவாடா விவரமும் பத்திரம். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவில் ரிட் மனு போட்டால், "முதலில் மனு கொடுங்கள், அதிகாரி பரிசீலிக்கட்டும்" என்று முதல் நாளிலேயே முடித்துவிடுவார்கள்.

எதிர்த்துக் கூடியவர்கள் மீது, பொது ஊழியரின் உத்தரவை மீறியதாக வழக்குப் பதிவது வழக்கம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 188, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது, உத்தரவிட்ட பொது ஊழியர் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் பழைய சட்டத்தின் கீழ் சொல்லியிருக்கிறது. கூடவே வேறு பிரிவு சேர்த்திருக்கிறார்களா என்று பார்ப்பது அவசியம். சாதாரணமாகச் சேர்த்துவிடுவார்கள்.

வேலை செய்யும் இடம்

தனியார் நிறுவனத்தின் மேல் அடிப்படை உரிமை மீறல் என்று நேரடியாக ரிட் போடுவது பெரும்பாலும் செல்லாது. உச்ச நீதிமன்றம் நிறுவனங்களுக்குச் சொன்னதும் யோசனைதான். மனிதவளத் துறை மேசையில் தீர்ப்பைத் தூக்கிப்போட்டால் எதுவும் நடக்காது. இங்கே உங்கள் பிடி வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணைகளும்: சம்பளமில்லா விடுப்பில் அனுப்ப அவற்றில் இடமிருக்கிறதா, விளக்கம் கேட்டார்களா, விசாரணை நடந்ததா? வாய்மொழியாக வராதே என்றால் அன்று மாலையே "இன்று வேலைக்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் பிற்பாடு அது நீங்களாகவே வேலைக்கு வராமல் போனதாக மாறும். சாகும் நோயாளிகளோடு புழங்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கு இந்த வாதங்கள் வலுவாக நிற்காது. நிற்கவும் கூடாது என்பது என் கருத்து.

மருத்துவ விலக்கு கேட்பவர்கள் கொண்டுவரும் சான்றுகளில் "உடல்நிலை சரியில்லாததால் ஊசி தவிர்க்கலாம்" என்றிருக்கும். அது பயன்படாது. முந்தைய தவணைக்கோ ஊசியில் உள்ள இன்ன பொருளுக்கோ கடும் ஒவ்வாமை வந்த தேதி, அறிகுறி, அளித்த சிகிச்சை, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் விலக்குக்கான காரணங்கள் அல்ல. அந்த நோய்கள் உள்ளவர்களுக்குத்தான் ஊசி அதிகம் தேவை.

ஊசிக்குப் பின் பாதிப்பு வந்தால்

கட்டாயத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் சேர்ந்து கோட்டைவிட்ட இடம் இது. பாதிப்பு வந்தவர்கள் பலர் முகநூலில் எழுதினார்கள், படிவத்தில் எழுதவில்லை.

உயிரிழப்பு, மருத்துவமனையில் சேர்க்கை, நிலையான ஊனம் என்றால் அது தீவிர நிகழ்வு. ஊசி போட்ட இடத்தின் மருத்துவ அலுவலரிடமோ மாவட்டத் தடுப்பூசி அலுவலரிடமோ எழுத்தில் கொடுத்து, நிகழ்வுப் பதிவுப் படிவம் நிரப்பப்பட்டதா என்று கேளுங்கள். தனியார் மருத்துவரும் தெரிவிக்கலாம். மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. ஊசியின் பெயர், பேட்ச் எண், போட்ட நாள், அறிகுறி தொடங்கிய நாளும் நேரமும் கட்டாயம் வேண்டும். கோவிஷீல்டு போன்ற அடினோவைரஸ் வகை ஊசிக்குப் பின் வெகு அரிதாக வரும் ரத்தக் கட்டு, முதல் சில வாரங்களில் கடுந்தலைவலி, வயிற்றுவலி, கால் வீக்கம், மூச்சுத்திணறல் எனத் தெரியும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை. ரத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் பிறகு எந்தக் குழுவாலும் எதையும் சொல்ல முடியாது.

உயிரிழப்பில் குடும்பங்கள் பிரேதப் பரிசோதனையை மறுப்பது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அது இல்லாமல் போனால் காரண ஆய்வுக் குழு பெரும்பாலும் "வகைப்படுத்த இயலாது" என்று முடித்துவிடும். அந்த ஆய்வில் நான்கு வகைகள்: A என்றால் ஊசியோடு, அல்லது போட்ட முறையோடு, அல்லது ஊசி பயத்தோடு தொடர்புடையது. B முடிவு சொல்ல முடியாதது. C தற்செயலானது. D தகவல் போதாததால் வகைப்படுத்த இயலாதது. "ஊசியால் அல்ல" என்று வாய்மொழியாகச் சொன்னால் எந்த எழுத்து என்று கேட்டு எழுதி வாங்குங்கள். Bஐயும் Dஐயும் C போலச் சொல்லி அனுப்புவது நடக்கக்கூடும். ஊசிக்குப் பின் நேர்ந்த மரணங்கள் தொடர்பான வழக்கில் 2022 நவம்பரில் மத்திய அரசு எடுத்த நிலை, இழப்பீடு வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றம் போகலாம் என்பது. உரிமையியல் நீதிமன்றத்தில் அந்த ஓர் எழுத்தும் அதன் பின்னால் இருக்கும் அறிக்கைகளும்தான் சாட்சி.