ஆரிக்கிள் விரிகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பது

"அப்பாவை டிரெட்மில்லில் ஓடவிட்டு எக்கோ எடுத்தார்கள். ஈசிஜி நார்மல். ஆனாலும் பிற்பாடு துடிப்பு தாறுமாறாகலாம் என்கிறார்கள். மின்சாரக் கோளாறை, படத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல முடியும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். எக்கோ என்பது காதுக்குக் கேட்காத ஒலியலையை அனுப்பி எடுக்கும் இதயப் படம்.

இதயத்தின் நான்கு அறைகள் பள்ளியில் படித்ததுதான். நமக்கு இப்போது வேண்டியது இடது ஆரிக்கிள் மட்டும். நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை, கீழறைக்குப் போகும் கதவான மைட்ரல் வால்வு திறக்கும்வரை தேக்கிவைக்கும் மெல்லிய பை அது. கீழே இருக்கும் வெண்ட்ரிக்கிள் பல வருட ரத்த அழுத்தத்தால் விறைத்துப்போனால், அந்தச் சுமை இந்தப் பையின் தலையில் விழும். இழுபட்டு இழுபட்டு தசைக்கு நடுவே தழும்பு படியும். இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சார அலை தழும்புக்குள் ஒழுங்காகப் பாயாது. சுற்றிக்கொண்டு போய், சில சமயம் கிளம்பிய இடத்துக்கே வந்து மறுபடி கிளம்பிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது ஆரிக்கிள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, வேர்பிடிக்க இது போதும். தழும்பு விழுந்த சுவர் சரியாக விரியாது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் துப்பு.

அந்த விரிவை அளக்கும் விதம் இருக்கிறதே, எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம்! எக்கோ படத்தில் தசைமேல் ரவை தூவியதுபோலப் புள்ளிகள் தெரியும். பார்த்தால் வெறும் இரைச்சல். ஆனால் தசைக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்புகளில் பட்டுச் சிதறிய ஒலியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் போட்ட கோலம் அது, இடத்துக்கு இடம் வேறு, கைரேகை மாதிரி. தசை நகர்ந்தால் கோலமும் கூடவே நகரும். மென்பொருள் அதைப் படத்துக்குப் படம் துரத்திக்கொண்டே போய், சுவர் எத்தனை சதவீதம் நீண்டது என்று சொல்லிவிடும். நல்ல ஆரிக்கிள் ஓய்விலேயே 40 சதவீதத்தை ஒட்டி நீளும்.

சரி, எதற்கு ஓடவிட வேண்டும்? சும்மா இருக்கும்போது அரைகுறைப் பையும் சமாளித்துவிடும். ஓடினால் திரும்பி வரும் ரத்தம் கூடும், நிரம்பக் கிடைக்கும் நேரமோ குறையும். நல்ல பை இன்னும் விரிந்துகொடுக்கும். விறைத்த பையில் அழுத்தம்தான் ஏறும். டிரெட்மில்லிலிருந்து இறங்கியவரை உடனே படுக்கவைத்து, துடிப்பு அடங்குவதற்குள் அவசர அவசரமாகப் படம் எடுப்பது இதனால்தான். சில இடங்களில் சாய்ந்து படுத்தபடியே சைக்கிள் மிதிக்கவைப்பார்கள்.

இந்த எக்கோவே 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து தொடங்கியது. முதலில் சோதித்துப் பார்த்தது, மால்மோ கப்பல் தளத்தில் ஒலியலையால் உலோக விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கி. இன்றைக்கு இதற்கு நிதி கேட்டிருந்தால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பாவுக்கு ஃபிப்ரிலேஷன் கட்டாயம் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஈசிஜி பார்ப்பது ஏறத்தாழ 10 நொடி. வந்து வந்து போகும் கோளாறு சரியாக அந்த நேரத்தில் வந்து நிற்குமா என்ன? யாருக்கு ஹோல்ட்டரை (உடலில் மாட்டிக்கொண்டே நடமாடக்கூடிய ஈசிஜி கருவி) மாட்டிப் பல நாள் கவனிக்கலாம் என்று முடிவுசெய்யத்தான் இந்தப் படம் உதவும்.