தவிலைத் தாங்குமா உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ்?

தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும் ஒரே ஒரு சொல்லைப் பதிவு செய்து, லேப்டாப் திரையில் அந்த அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் சில மில்லிசெகண்டுகளில் ஊசிபோல் செங்குத்தாக எழும்பி, எழும்பிய வேகத்திலேயே சரிந்துவிடும். ஊசியின் முனை கூராக இருந்தால் பதிவு நல்ல பதிவு. கத்தரியால் நறுக்கியதுபோல் தட்டையாக இருந்தால், வந்த ஒலியை உள்ளே இருந்த சுற்று தாங்கவில்லை. காதுக்கு அது தோலின் கணீர் ஒலியாகக் கேட்காது, தகரத்தைத் தட்டியதுபோல் கேட்கும். அப்படி மொட்டையான அலையை எந்த மென்பொருளாலும் பழையபடி முழுதாக மீட்க முடியாது.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்தில் வீட்டிலேயே இசையைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டி) வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்ணை) அல்ல. இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பாலானவை மெல்லப் பேசும் குரலையும் கிட்டாரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. 'கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) போதுமா?' என்பதுதான் அவற்றின் கவலை. தவிலும் நாகஸ்வரமும் உள்ள ஊரில் கேள்வியே வேறு: குறைந்தபட்ச கெயினில் வைத்தாலும் இந்தப் பெட்டி தாங்குமா?

பெட்டிக்குள் நடப்பது இதுதான். மைக் தரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை ப்ரீஆம்ப் பெருக்குகிறது. அதை அனலாக்-டிஜிட்டல் மாற்றி நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. யூஎஸ்பி வழியே அவை கணினிக்குப் போகின்றன. திரும்பி வரும் எண்களை இன்னொரு மாற்றி மின்னலையாக்கி ஹெட்போனுக்குத் தருகிறது. அலை மொட்டையாவது பெரும்பாலும் ப்ரீஆம்பில், அதாவது எண்ணாக மாறுவதற்கு முன்பே. அதனால்தான் மென்பொருளில் வால்யூமைக் குறைத்துப் பயனில்லை. ஒவ்வொரு அளவையும் 32 பிட் நுணுக்கத்தில் எழுதும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், ப்ரீஆம்ப் வெட்டிவிட்டதை அது திருப்பித் தராது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கண்டென்சர் மைக் (48 வோல்ட் மின்சாரம் கொடுத்து இயக்கும் நுண்ணுணர்வு மைக்) 94 டெசிபெல் ஒலிக்கு 20 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நெருக்கமாக வைத்த மைக்கில் தவிலின் உச்சம் 134 டெசிபெல்லைத் தொட்டால், அது 40 டெசிபெல் கூடுதல், அதாவது 100 மடங்கு மின்னழுத்தம். 20 மில்லிவோல்ட் 2 வோல்ட்டாகிவிடும். ஒலிப்பதிவுக் கருவிகளில் மின்னழுத்தத்தைக் குறிக்கும் டிபியூ அளவையில் இது ஏறத்தாழ +8. சிறிய இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் மைக் உள்ளீட்டின் உச்சவரம்பு +10 டிபியூவை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். தயாரிப்பாளரின் விவரத்தாளில் 'அதிகபட்ச உள்ளீட்டு அளவு, குறைந்தபட்ச கெயினில்' என்ற வரியைத் தேடுங்கள். +12க்கு மேல் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் 10 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் பேட் பொத்தான் இன்டர்ஃபேஸிலோ மைக்கிலோ இருந்தாக வேண்டும்.

எளிய மாற்று வழி, வெளி மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்58 வகை மைக் 94 டெசிபெல்லுக்குத் தருவது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அதே தவில் அடிக்கு 0.2 வோல்ட்டைத் தாண்டாது, எந்தப் பெட்டியும் தாங்கும். தவிலுக்கு டைனமிக், நாகஸ்வரத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு கண்டென்சர் என்பது நல்ல தொடக்கம். நாகஸ்வரத்தின் ஒலி அணசு (விரிந்த அடிப்பகுதி) வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. எனவே மைக்கை அணசின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கெயினைத் திருகும்போது உச்சம் −12 டெசிபெல்லில், அதாவது மென்பொருளின் எல்லையான 0க்கு 12 கீழே, நிற்கட்டும். பயந்து குறைத்து வைத்தால் தரம் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். போகாது. ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல், ஆக இழப்பது 2 பிட். வழக்கமான 24 பிட் பதிவில் 22 மிச்சம் இருக்கிறது. எந்த மாற்றியின் சொந்த இரைச்சலும் அதற்கு முன்பே வந்துவிடும். ஒத்திகையில் கலைஞர் அடக்கித்தான் வாசிப்பார், தனி ஆவர்த்தனத்தில் கை எப்படி எழும்பும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த 12 டெசிபெல் அதற்காகத்தான்.

வீணைக்கு வேறு சிக்கல். குதிரைக்கு அருகே ஒட்டும், அதிர்வை மின்னலையாக்கும் பீசோ பிக்கப்பை லைன் உள்ளீட்டில் (கீபோர்டு போன்ற கருவிகளுக்கான உள்ளீட்டில்) செருகினால் ஒலி மெலிந்து, மந்திர ஸ்தாயி காணாமல் போகும். பிக்கப்பின் குற்றமல்ல அது. பீசோ ஒரு மின்தேக்கிபோல் நடந்துகொள்கிறது. 15 நானோஃபாரட் பீசோவை 10 கிலோஓம் லைன் உள்ளீட்டில் இணைத்தால், ஏறத்தாழ 1,060 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் குறையத் தொடங்கும். அதையே 1 மெகாஓம் உள்ள 'இன்ஸ்ட்ருமென்ட்' உள்ளீட்டில் இணைத்தால் அந்த எல்லை 10 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், வீணையின் அடிநாதம் முழுதாக வந்து சேரும். ஆகவே வீணைக்காரர்கள் வாங்குமுன் பார்க்க வேண்டியது இந்த உள்ளீடு இருக்கிறதா என்பதை.

அடுத்தது தாமதம். பதிவான தாளத்தோடு சேர்ந்து வாசிக்கும்போது தன் ஒலி ஹெட்போனில் பிந்தி வந்தால் காலப்பிரமாணம் தடுமாறும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் அளவீடுகளின் எண்ணிக்கை) 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. போக, வர என இரண்டையும் கூட்டி, டிரைவர் எடுக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒலி காற்றில் 10 மில்லிசெகண்டில் ஏறத்தாழ 3.4 மீட்டர் போகும். ஆக, 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது மேடையில் தவில்காரரை அவ்வளவு தள்ளி உட்கார வைப்பதற்குச் சமம். அதைச் சமாளிக்கலாம், 25ஐச் சமாளிப்பது கடினம். மைக் ஒலியை மட்டும் கேட்க வேண்டுமானால் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானே போதும், ஒலி கணினிக்குப் போகாமலே காதுக்கு வந்துவிடும். கீபோர்டை வைத்துக் கணினிக்குள் இருக்கும் கருவிகளை வாசிப்பவர்களுக்கு அது உதவாது. அவர்கள் விண்டோஸில் வேலை செய்தால், தயாரிப்பாளரே தரும் ஆசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள பெட்டியைத்தான் வாங்க வேண்டும்.

சாம்பிள் ரேட்டைப் பொறுத்தவரை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும், ஆறு தடம் ஒரு மணி நேரம் ஓடினால் 3 ஜிபிக்குச் சற்று மேல். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: 44.1இல் பதிவானதை மாற்றாமல் 48இல் ஓடவிட்டால் வேகம் 8.8 சதவீதம் கூடி, சுருதி ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே போய் நிற்கும்.

ஊர்ப்பக்கத்து மின்சாரம் தனிக் கவலை. ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முணுமுணுப்பு வந்தால், முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் அது எர்த் வளையம், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவதால் வருவது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் இணையுங்கள், ஸ்பீக்கருக்கு மூன்று இணைப்பு உள்ள பேலன்ஸ்டு வயரைப் போடுங்கள். எர்த் பின்னை வெட்டுவது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் கரகரப்புக்கு லேப்டாப் பேட்டரியில் பதிவு செய்வதே நல்ல மருந்து. யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பெட்டிக்கு அப்போது சுவரோடு தொடர்பே இருக்காது.

ஆனால் யூஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், மொத்தம் 2.5 வாட். கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட்டையும் அதிலிருந்தேதான் உண்டாக்க வேண்டும். மலிவான ஹப்பில் செருகினால் மைக் மங்கும், அல்லது பெட்டி நடுவில் துண்டித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எக்ஸ்எல்ஆரின் (மைக் வயரின் மூன்று பின் இணைப்பியின்) 1, 2 பின்களுக்கு இடையே வையுங்கள். 44 முதல் 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

எத்தனை உள்ளீடு? ஒவ்வொருவராகப் பதிவு செய்ய இரண்டு போதும். இரண்டு நாகஸ்வரம், தவிலுக்கு இருபுறமும் மைக், தாளம் என்று சேர்ந்து வாசித்தால் ஐந்து, தவில் இரண்டென்றால் ஏழு. '4 இன்' என்று எழுதிய பெட்டிகள் சிலவற்றில் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான் இருக்கும், மற்றவை லைன். அதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். பின்னால் பெருக்கும் எண்ணம் இருந்தால் அடாட் ஒளியிழை உள்ளீடு உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸில் அதன் வழியே இன்னும் எட்டுத் தடங்களைச் சேர்க்கலாம், 96 என்றால் நான்கு.